பின்அப் ஓவியம் சேகரிக்க: பழையதில் எதைப் பார்ப்பது, புதியதில் எதைக் கேட்பது

சுவரில் மாட்டவென்று வரைந்த கவர்ச்சிப் பெண் படம்தான் பின்அப். பழைய அமெரிக்கப் பின்அப் காலண்டருக்கும் இன்றைய ஓவியர் ஒருவரின் பிரிண்டுக்கும் ஒரே தொகையைக் கொடுத்தாலும், வாங்குவது ஒரே பொருளை அல்ல. பழையதில் காகிதத்தின் வயதை வாங்குகிறீர்கள். 1940-களில் ஏதோ ஒரு பெட்ரோல் பங்கிலோ இரும்புக்கடையிலோ சுவரில் தொங்கிய காலண்டர் அது. அன்றைய மையும் கீழே கடைக்காரர் பெயரும் சேர்ந்துதான் அதற்கு விலை. புதியதில் ஓவியரின் கையையும், இத்தனை பிரதிக்கு மேல் அச்சிட மாட்டேன் என்ற அவருடைய வாக்கையும் வாங்குகிறீர்கள். இந்த வேறுபாடு பிடிபடாதவரையில், நேற்று அச்சான மறுபதிப்பைப் பழைய விலைக்கு வாங்கும் ஆபத்து இருந்துகொண்டே இருக்கும்.

பழையது என்றால் என்னென்ன

பின்அப்பின் பெரும்பகுதி விளம்பரத் தொழிலுக்காக வரையப்பட்டது. மின்னசோட்டா மாநிலத்து செயின்ட் பால் நகரில் 1896-இல் தொடங்கிய பிரவுன் அண்ட் பிகலோ என்ற விளம்பரக் காலண்டர் நிறுவனம் இதில் முதன்மையானது. அதே ஊரின் லூயிஸ் எஃப். டவ் நிறுவனமும் இதே தொழிலில் இருந்தது. பின்அப் ஓவியர் கில் எல்வ்கிரென் முதலில் டவ் நிறுவனத்துக்கு வரைந்தார். 1940-களின் நடுவில் பிரவுன் அண்ட் பிகலோவுக்கு மாறி, 1970-களின் தொடக்கம் வரை அங்கே இருந்தார். அந்தக் காலத்து அசல்கள் பெரும்பாலும் 30 × 24 அங்குலக் கேன்வாஸில் வரைந்த எண்ணெய் ஓவியங்கள். 1947-இல் அவர் வரைந்த ஒன்று 2011-இல் டெக்சாஸின் ஹெரிடேஜ் ஏலத்தில் 2,86,800 டாலருக்குப் போனது. அசல் நமக்கு எட்டாது. அச்சுப்பொருள் எட்டும்.

அச்சுப்பொருளில் பல வகை உண்டு: முழுக் காலண்டர், விற்பனைப் பிரதிநிதி கடைக்காரர்களிடம் காட்டிய மாதிரிக் காலண்டர், மை ஒற்றும் தாள், தீப்பெட்டி அட்டை, சீட்டுக்கட்டு, எஸ்குவயர் என்ற அமெரிக்க ஆண்கள் பத்திரிகையின் மடிப்புப் பக்கம். இவற்றோடு நாணயம் போட்டால் இயந்திரத்திலிருந்து விழுந்த மியூட்டோஸ்கோப் அட்டைகளும் உண்டு. ஏறக்குறைய 3¼ × 5¼ அங்குலம் இருக்கும் இந்த அட்டைகள் குறைந்த பணத்தில் தொடங்குபவருக்கு நல்ல வாசல். ஒன்றிரண்டு தவறாக வாங்கினாலும் பெரிதாகக் கையைச் சுடாது.

தொடங்குபவருக்கு ஒரே ஒரு பரிந்துரை: வெட்டிச் சட்டமிட்ட பத்துப் படங்களைவிட, மாதத்தாள்கள் கிழியாத ஒரு முழுக் காலண்டர் மேல். படம் மட்டும் வேண்டுமென்றால் அது எங்கும் கிடைக்கும். அமெரிக்காவில் 1964-க்கு முன் வெளியானவற்றுக்கு 28-ஆவது ஆண்டில் பதிப்புரிமையைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. காலண்டர் படங்கள் பலவற்றுக்கு யாரும் அதைச் செய்யவில்லை. மறுபதிப்புகள் மலிந்து கிடப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

வாங்குமுன் சோதிக்கும் முறை

வேண்டிய கருவிகள் நான்கு: 10 மடங்கு பெரிதாக்கும் லூப், முடிந்தால் 30 மடங்கு ஒன்று, சிறிய யுவி (புற ஊதா) டார்ச், உலோக அளவுகோல்.

முதலில் லூப்பைப் படத்தின் மேல் அல்ல, கீழே உள்ள கடைப்பெயரின் மேல் வையுங்கள். படத்தை மொத்தமாக அச்சிட்டு வைத்துக்கொண்டு, ஆர்டர் கொடுத்த ஒவ்வொரு கடையின் பெயரையும் பிறகு தனியாக அடித்தார்கள். அதனால் அசலில் அந்த எழுத்து ஒரே மையில், ஓரம் கூர்மையாக, இடைவெளி இல்லாமல் நிற்கும். அச்செழுத்தால் அழுத்தி அடித்திருந்தால் பின்பக்கம் விரலுக்கு லேசான மேடு தட்டுப்படும். மறுபதிப்பில் எழுத்தும் படத்தோடு சேர்த்து ஸ்கேன் செய்யப்பட்டதால், எழுத்தின் கோடே வண்ணப் புள்ளிகளாகச் சிதறியிருக்கும். ஒரு நிமிடம்கூட ஆகாத சோதனை இது. போலிகளில் பெரும்பங்கு இங்கேயே விழுந்துவிடும்.

அடுத்து முகத்தின் தோல் நிறத்தைப் பாருங்கள். பழைய ஆஃப்செட் அச்சில் புள்ளிகள் ஒழுங்கான வரிசையில், சின்னச் சின்னப் பூ வட்டங்களாகத் தெரியும். இன்க்ஜெட் பிரிண்டில் வரிசை இருக்காது. தெளித்தாற்போல் மைத்துளிகள் இறைந்து கிடக்கும், இதற்குத்தான் 30 மடங்கு லூப். புள்ளிகளுக்குள் இன்னொரு புள்ளிக்கூட்டம், அதன் மேல் அலையலையாக ஒரு வலைக்கோலம் தெரிந்தால் அது அச்சை ஸ்கேன் செய்து மறுபடி அச்சிட்டது.

பிறகு விளக்கை அணைத்து யுவி டார்ச்சை அடியுங்கள். காகிதத்தை வெண்மையாகக் காட்டும் ஒளிர்வுப் பொருள்கள் ஏறக்குறைய 1950-லிருந்துதான் காகித ஆலைகளில் பரவலாயின. 1943 காலண்டரின் தாள் முழுதும் நீலவெள்ளையாகப் பளிச்சென்று ஒளிர்ந்தால் வாங்க வேண்டாம். ஆனால் ஒளிராவிட்டால் அது பழையது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். ஒளிர்வுப் பொருள் சேர்க்காத பருத்திக் காகிதம் இன்றும் விற்கிறது.

கடைசியாக எழுத்தை வாசியுங்கள். அமெரிக்காவில் ஐந்திலக்க ஜிப் எண் வந்தது 1963-இல். அதற்கு முன், 1943-லிருந்து, பெருநகரங்களுக்கு மட்டும் ஊர்ப் பெயருக்குப் பின் ஓரிரு இலக்க மண்டல எண் இருந்தது. 1948 காலண்டரில் ஜிப் எண் இருந்தால் வேறு சோதனையே தேவையில்லை. கிழமையையும் சரிபாருங்கள்: 1947 ஜனவரி 1 புதன்கிழமை. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். விற்ற படத்தையே நிறுவனங்கள் பல ஆண்டுகள் திரும்பப் பயன்படுத்தின. காலண்டரில் உள்ள ஆண்டு அது அச்சான காலத்தைத்தான் சொல்லும், ஓவியம் வரைந்த ஆண்டைச் சொல்லாது.

தேநீரில் தோய்த்துப் பழையதாக்கிய தாள்களும் வருகின்றன. அவற்றில் பழுப்பு எல்லா இடத்திலும் ஒரே அளவில், முன்னும் பின்னும் ஒரே மாதிரி இருக்கும். உண்மையான மூப்பு அப்படி வராது. வெளிச்சமும் காற்றும் பட்ட இடத்தில் கூடவும், மூடியிருந்த இடத்தில் குறையவும் இருக்கும். ஆண்டுக்கணக்கில் தொங்கிய காலண்டரின் மாதத்தாள் கட்டைத் தூக்கிப் பாருங்கள். அடியில் தாளின் நிறம் வெளிறாமல், கட்டின் அளவிலேயே ஒரு செவ்வகம் தெரியும். அதைப் போலியாகச் செய்வது கடினம்.

ஓவியர் பெயரில் வரும் குழப்பங்கள்

அல்பெர்டோ வார்காஸ் பெரு நாட்டின் அரெகிப்பாவில் பிறந்தவர். 1940-இல் எஸ்குவயரில் சேர்ந்தபோது பெயரின் கடைசி எழுத்தை வெட்டி 'வார்கா' என்று வெளியிட்டார்கள். அவருடைய முதல் எஸ்குவயர் காலண்டர் 1941-க்கு உரியது. விலகிய பிறகு அந்தப் பெயருக்காக வழக்காடித் தோற்றார். 1960-லிருந்து பிளேபாயில் 'வார்காஸ்' என்ற முழுப்பெயரோடு வரைந்தார். ஆக, அச்சிலேயே 'வார்காஸ்' என்று இருக்கும் 1943 எஸ்குவயர் பக்கம் என்று யாராவது நீட்டினால் நின்று யோசியுங்கள். பழைய பக்கத்தில் பென்சிலால் முழுப்பெயர் இருப்பது வேறு கதை. பிற்காலத்தில் அவரே போட்ட கையெழுத்தாக இருக்கலாம், அதைத் தனியாகச் சோதிக்க வேண்டும். மடிப்புப் பக்கம் என்றால் மடிப்புக் கோடு இருந்தே ஆக வேண்டும், பின்பக்கத்தையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஒப்பிட்டுப் பார்க்க கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஸ்பென்சர் கலை அருங்காட்சியகம் நல்ல இடம். எஸ்குவயரின் ஓவியத் தொகுப்பு அங்கேதான் இருக்கிறது.

டவ் நிறுவனம் தன்னிடம் இருந்த எல்வ்கிரென் ஓவியங்கள் சிலவற்றை வான் பாஸ் என்ற ஓவியரைக் கொண்டு மாற்றி வரையச் செய்து மறுபடி வெளியிட்டது. ஒரே முகம், வேறு உடை, வேறு பின்னணி என்று இரண்டு அச்சுகள் கண்ணில் பட்டால் ஒன்று போலி என்று பதற வேண்டாம். இரண்டும் அந்தக் காலத்தவையாக இருக்கலாம்.

ஓவியர் எர்ல் மோரனுக்கு 1940-களின் பிற்பாதியில் மாடலாக நின்றவர் பின்னாளைய மர்லின் மன்றோ. அதனால் மோரன் வரைந்த பொன்முடிப் பெண் எல்லோரையும் மர்லின் என்றே விற்கிறார்கள். அந்தப் பெயருக்காகக் கூடுதல் விலை கேட்டால், எந்தப் படம், என்ன ஆதாரம் என்று எழுத்தில் கேளுங்கள். இந்தத் துறையில் பெண்களும் முன்வரிசையில் இருந்தார்கள். ஸோயி மோசெர்ட் கண்ணாடி முன் நின்று தன்னையே மாடலாக வைத்து வரைந்தார். அவர் அச்சுகளைத் தேடிப் பிடிப்பது உழைப்புக்குத் தகுந்த சேகரிப்பு.

விலையைக் கெடுப்பவை

சுவரில் குத்தி மாட்டியதால்தான் இதற்குப் பின்அப் என்று பெயர். மூலையில் குண்டூசித் துளை இருப்பது மன்னிக்கக்கூடிய குறை. ஓரம் வெட்டியிருப்பதை மன்னிக்க முடியாது. அளவுகோலை வைத்து நான்கு பக்கமும் அளந்து, அதே காலண்டரின் பழைய ஏல விவரத்தோடு ஒப்பிடுங்கள். பழைய தாளின் விளிம்பு பழுத்திருக்கும், புதிதாக வெட்டிய விளிம்பு மட்டும் வெளிறித் தெரியும். மேலே தகரப்பட்டை, பன்னிரண்டு மாதத்தாள், அனுப்பிய உறை எல்லாம் சேர்ந்திருந்தால் கூடுதலாகக் கொடுக்கலாம். அட்டையில் சூடாக ஒட்டியது, செலோடேப் போட்டது, பூஞ்சை வாடை வீசுவது ஆகிய மூன்றையும் ஒதுக்குங்கள். செலோடேப்பின் பசை தாளின் நாருக்குள்ளேயே ஊறிவிடும். டேப்பை உரித்தாலும் பழுப்புக் கறை போகாது.

இணையத்தில் வாங்கினால் முன்பக்கம், பின்பக்கம், நான்கு மூலை, அளவுகோலோடு ஒன்று, கடைப்பெயரின் மிக நெருக்கப் படம் ஒன்று எனக் கேளுங்கள். கடைசிப் படத்தை அனுப்பத் தயங்குபவரிடம் வாங்காதீர்கள். அனுப்பும்போது குழாயில் சுருட்ட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். எண்பது வயதுத் தாள் சுருட்டினால் வெடிக்கும். இருபுறமும் இரண்டு அங்குலம் பெரிதான நெளியட்டைகள் இரண்டு, ஒன்றின் நெளிவு குறுக்காகவும் மற்றதின் நெளிவு நெடுக்காகவும் வைத்துத் தட்டையாகக் கட்டினால் மடங்காது.

புதியதில் கேட்க வேண்டியவை

ஒலிவியா டி பெரார்டினிஸ், ஹஜிமே சொரயாமா, 1999-இல் தன் அமெரிக்க அழகியர் வரிசையைத் தொடங்கிய கிரெக் ஹில்டபிரான்ட் ஆகியோர் பழைய மொழியைப் புதிதாகப் பேசியவர்கள். புதியதன் ஈர்ப்பு அசலுக்கு அருகில் போக முடிவதில் இருக்கிறது. எல்வ்கிரென் கேன்வாஸ் கனவு. ஆனால் உயிரோடிருக்கும் ஓவியர் பலரிடம் பென்சில் வரைவு ஒன்றைப் பெரிய பிரிண்டின் விலைக்கு வாங்கலாம். இரண்டில் ஒன்று என்றால் வரைவையே எடுங்கள். அது உலகில் ஒன்றுதான் உண்டு.

பிரிண்டு வாங்குவதென்றால் ஜிக்லே என்ற சொல்லுக்கு மயங்க வேண்டாம். நல்ல இன்க்ஜெட் பிரிண்டுக்கு 1991-இல் ஜாக் டுகேன் வைத்த பெயர் அது. தரத்துக்கு அந்தப் பெயர் உறுதி தராது. நிறமி மையா சாய மையா என்று கேளுங்கள். சாய மை சீக்கிரம் வெளுக்கும். பருத்திக் காகிதமா, அமிலமற்றதா என்பதையும் கேளுங்கள். 45/250 (250 பிரதிகளில் 45-ஆவது) என்று எழுதியிருந்தால் அந்த 250 ஒரு அளவுக்கு மட்டுமா, எல்லா அளவுக்கும் சேர்த்தா? இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். காகிதத்தில் 250, கேன்வாஸில் 100, பெரிய அளவில் 50, ஓவியர் தனக்கென வைத்துக்கொள்ளும் பிரதி 25 என்று கூட்டினால் 425 ஆகிவிடும். மொத்த எண்ணிக்கையைச் சான்றிதழில் எழுதி வாங்குங்கள். கலிபோர்னியாவிலும் நியூயார்க்கிலும் இப்படிப்பட்ட விவரத்தை விற்பவர் எழுத்தில் தர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. கணினியில் வரைந்தது என்றால் அசல் என்று ஒரு பொருளே கிடையாது, அதற்கேற்ப விலை பேசுங்கள். இறந்த ஓவியரின் பழைய படத்தை இன்று ஜிக்லேயாக விற்றால் அது புதிய அச்சுதான், புதிய விலைதான்.

வைத்துக் காப்பது

பாலியெஸ்டர் உறை நல்லது. பிவிசி உறை காலப்போக்கில் மையை உருக்கி ஒட்டிக்கொள்ளும். வாங்கும்போது பிளாஸ்டிக் வாடை அடித்தால் அது பிவிசியாக இருக்க வாய்ப்பு அதிகம். ஈரப்பதம் 35 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். சென்னை, கொழும்பு போன்ற கடலோர ஊர்களில் வெறும் அலமாரியில் இது நடக்காது. மூடிய பெட்டிக்குள் சிலிக்கா ஜெல்லோடு ஒரு சிறு ஈரமானியும் வைத்து, ஜெல் நிறம் மாறும்போது வெயிலில் அல்ல, அடுப்பில் மெல்லச் சூடாக்கி உலர்த்துங்கள்.

சட்டமிடும்போது படம் கண்ணாடியைத் தொடக்கூடாது. தொட்டால் ஈரம் கோர்த்து மை கண்ணாடியில் ஒட்டும், பிரித்தால் முகம் உரியும். இடையில் அமிலமற்ற மவுண்ட் அட்டை வேண்டும். தாளைப் பிடிக்க ஜப்பானிய மெல்லிய தாளில் கோதுமை மாவுப் பசை தடவி மேல் விளிம்பில் இரண்டு கீல் போதும். நான்கு பக்கமும் ஒட்டினால் மழைக்காலத்தில் தாள் விரிய இடமில்லாமல் அலையலையாகக் குமிழும். புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடி போட்டாலும் நேர் வெயில் படும் சுவர் வேண்டாம். மூன்று மாதம் மாட்டி, பிறகு பெட்டிக்குள் வைத்து, அடுத்ததை எடுங்கள். மாட்டும் நாளில் நல்ல வெளிச்சத்தில் ஒரு புகைப்படம் எடுத்துவைத்தால், இறக்கும்போது உதட்டுச் சிவப்பையும் தோல் நிறத்தையும் அதோடு ஒப்பிடலாம். பல பழைய அச்சுகளில் முதலில் வெளுப்பது அந்தச் சிவப்புதான்.