சம்பங்கி பூத்து முடிந்ததும் கத்தியை எடுக்காதீர்கள்

புதிதாக நிலச்சம்பங்கி வளர்க்கிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம், நான் ஆரம்பத்தில் செய்த அதே தவறுகள்தான் கண்ணில் படுகின்றன. தண்ணீர் ஊற்ற மறப்பது, சின்னத் தொட்டியில் அடைப்பது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அவற்றைச் செடியே வாடிக் காட்டிவிடும். வெளியே தெரியாமல் ஒரு வருடப் பூவையே பறித்துக்கொள்கிற தவறுகள்தான் முக்கியம்.

பூத்ததும் இலையை வெட்டுவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வரும்.

சம்பங்கியில் ஒரு கிழங்கு ஒரே ஒரு முறைதான் கதிர், அதாவது பூத்தண்டு, விடும். பூத்து முடிந்த தாய்க்கிழங்கு மறுபடி பூக்காது. அதைச் சுற்றிப் பக்கக் கிழங்குகள் கிளம்பும், அடுத்த பூ அவற்றிலிருந்துதான் வர வேண்டும். அவை பருக்கத் தேவையான உணவைத் தயாரிப்பது இலைகள். ஆக, கதிர் காய்ந்த பிறகுதான் செடிக்கு உண்மையான வேலையே தொடங்குகிறது. நம் ஆட்களோ சரியாக அந்த நேரத்தில், பார்க்க நன்றாக இல்லை என்று இலைகளை மண்ணோடு ஒட்ட வெட்டிவிடுகிறார்கள்.

என் தோழி ஒருவர் முதல் வருடம் தொட்டி நிறையப் பூ பார்த்தார். பூத்ததும் கத்தரியை எடுத்தார். அடுத்த வருடம் புல் மாதிரி மெல்லிய இலைகள் மட்டும் வந்தன. உரம் போதவில்லை என்று நினைத்துத் தழைச்சத்தைக் கொட்டினார். புல் இன்னும் பச்சையானது, அவ்வளவுதான். கடைசியில் ஒரு நாள் கிழங்கே மோசம் என்று முடிவுகட்டி, மொத்தத்தையும் தோண்டி எறிந்துவிட்டுப் புதிதாக வாங்கி நட்டார். எறிந்தது நல்ல மணமுள்ள ஒற்றை இதழ் ரகம். வாங்கியது அடுக்கு ரகம்: பூ பார்க்கப் பெரிது, மணம் அதில் பாதிகூட இல்லை. அந்தச் சின்னக் கிழங்குகளை இலையோடு ஒரு பருவம் விட்டிருந்தால் தானாகவே பூத்திருக்கும். பைசா செலவில்லை. இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

சரி, என்ன செய்ய வேண்டும்? காய்ந்த கதிரை மட்டும் அடியில் அறுத்து எடுங்கள். பச்சை இலை எதையும் தொடாதீர்கள். தண்ணீரை நிறுத்த வேண்டாம், கொஞ்சம் மண்புழு உரமும் சாம்பல்சத்தும் (பொட்டாஷ்) கொடுங்கள். இலைகள் தாமாகப் பழுத்துச் சாயட்டும்.

தூரைப் பிரிக்காமல் விடுவது

இரண்டு மூன்று வருடத்தில் கிழங்குகள் ஒன்றையொன்று நெருக்கி நிற்கும். அப்போது இலை பெருகும், கதிர் குறையும். இப்படிக் கூட்டமாக நிற்கும் தூரைத் தோண்டிப் பிரியுங்கள். நடுவில் காய்ந்த தண்டின் கட்டையோடு இருப்பது பூத்து முடிந்த தாய்க்கிழங்கு, அதைத் திரும்ப நட்டுப் பயனில்லை. 2 செ.மீ. பருமனுக்கு மேல் உள்ள கிழங்குகளைத் தனியே எடுங்கள், அந்தப் பருவத்தில் பூக்கப்போவது அவைதான். சின்னவற்றையும் எறிய வேண்டாம். ஒரு ஓரத்தில் நட்டு வளரவிடுங்கள், அவற்றுக்கு இன்னும் ஒரு பருவம் வேண்டும். தோண்டிய உடனே நடாமல், நிழலில் காற்றோட்டமாக ஒரு மாதம் உலர்த்திய பிறகு நட்டால் முளைப்பு ஒரே சீராக இருக்கும்.

முளைக்கும் முன் தினமும் தண்ணீர்

அழுகிவிடும். நட்டதும் ஒரு தடவை நனைத்துவிட்டு, முளை தெரியும்வரை மண் லேசான ஈரத்தோடு இருந்தாலே போதும்.

ஆழமாக நடுவது

கிழங்கின் மேல் 3 முதல் 5 செ.மீ. மண் இருந்தால் போதும்.

அரை நிழல்

இலை வரும். பூ வராது.

அதே மண்ணில் திரும்பத் திரும்ப நடுவது

செடி வெளிறிக் குட்டையாக நின்றால் ஒன்றைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் அது நூற்புழு, மண்ணில் இருந்து வேரைத் தாக்கும் நுண்ணிய புழு. மேலே எந்த மருந்து தெளித்தாலும் பிரயோசனமில்லை. அந்தக் கிழங்கையும் மண்ணையும் வேறு தொட்டிக்கு மாற்றாதீர்கள், புழுவும் கூடவே போகும். அந்த இடத்தில் ஒரு பருவம் செண்டுமல்லி போடுங்கள், புழு நன்றாகக் குறையும். அப்புறம் முடிச்சில்லாத புதுக் கிழங்காகப் பார்த்து நடலாம். நடும்போது குழியில் வேப்பம் பிண்ணாக்கும் ஒரு கைப்பிடி போடுங்கள்.