அரசாங்கக் கடன்: நாம் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

வரவுசெலவுத் திட்டம் வந்தாலே காப்பிக்கடையில் ஒருவர் ஆரம்பிப்பார்: “நம்ம சிங்கப்பூர் அரசாங்கத்துக்கு இவ்வளவு கடனா?” மொத்தக் கடன் நாட்டின் ஓராண்டு உற்பத்தியில் 150 விழுக்காட்டைத் தாண்டியது உண்மைதான். ஆனால் கடனை மட்டும் பார்த்துவிட்டுச் சொத்தை விட்டுவிடுவது பெரிய தவறு. கடனையெல்லாம் கழித்தாலும் சொத்து மிஞ்சுகிறது.

அந்தக் கடன் பணம் அன்றாடச் செலவில் கரைகிறது என்பதும் தவறு. நம் மசேநி (மத்திய சேமநிதி) சேமிப்பு, அரசாங்கம் கடன் வாங்க வெளியிடும் சிறப்பு அரசாங்கப் பத்திரங்களுக்குப் போகிறது. அப்படித் திரட்டிய பணத்தில் சம்பளமோ மக்களுக்கு உதவிப் பற்றுச்சீட்டோ கொடுக்கச் சட்டம் விடாது, முதலீடுதான் செய்யவேண்டும். 2021இல் வந்த ‘சிங்கா’ சட்டம் வேறு வகை. குறைந்தது 50 ஆண்டுகள் பயன்தரும் பெரிய உள்கட்டமைப்புகளுக்காக, 90 பில்லியன் வெள்ளி வரை கடன் வாங்கலாம். எம்ஆர்டி ரயில் தடத்தில் நம் பேரப்பிள்ளைகளும் போவார்கள், அவர்களும் பங்கு கொடுக்கட்டும் என்பது நியாயம்தானே? வட்டிக்கும் ஆண்டுக்கு 5 பில்லியன் என்று கடிவாளம் உண்டு.

நிலம் விற்ற காசை வருமானமாக எண்ணுவதும் நடக்கிறது. அது நாட்டின் சேமிப்பான இருப்பு நிதிக்குப் போய்விடும். இருப்பின் முதலீடுகளிலிருந்து எதிர்பார்க்கப்படும் நீண்டகால உண்மை வருவாயில் (விலைவாசி உயர்வைக் கழித்தது) பாதி வரைதான் எடுக்கலாம். அந்தப் பாதியே அரசாங்க வருவாயில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு! மீதியையும் கேட்பவர்கள், அடுத்த தலைமுறைக்கு இந்த வரவு எங்கிருந்து வரும் என்றும் சொல்லவேண்டும்.

அப்புறம், கைதட்டலுக்காக வரியைக் குறைப்பது. இலங்கை 2019 கடைசியில் மதிப்புக்கூட்டு வரியை 15இலிருந்து 8 விழுக்காடாக்கியது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்தியது. கொவிட், சுற்றுலா வீழ்ச்சி என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் அடி விழுந்த நேரத்தில் கல்லாப்பெட்டி காலி.

கடைசியாக, இருப்பில் கைவைப்பதைச் சாதாரணமாக எண்ணுவது. 2009 உலக நிதி நெருக்கடியில் அப்போதைய நிதியமைச்சர் தர்மன் கேட்க, அதிபர் எஸ்.ஆர். நாதன் இருப்பிலிருந்து 4.9 பில்லியன் எடுக்க ஒப்புதல் தந்தார். எடுத்தது 4 பில்லியன். 2011இல் அது திரும்ப வைக்கப்பட்டது. கொவிட் காலத்தில் எடுத்தது சுமார் 40 பில்லியன். அது அப்படித் திரும்பும் என்று அரசாங்கமே எதிர்பார்க்கவில்லை. ‘எடுத்தால் என்ன, வைத்துவிடுவார்கள்’ என்பவர்கள் 2009ஐ மட்டும் காட்டாமல் இதையும் சேர்த்துச் சொல்லட்டும்.