இறுகாத கஸ்டர்டு, நீர்த்த கிரீம்: குளிர் சாக்லேட் இனிப்புகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் இருந்த சாக்லேட் கஸ்டர்டு காலையில் கூழாகவே நிற்கிறது. அடுத்த முறை என்ன செய்வோம்? சோள மாவை இன்னொரு கரண்டி கூட்டிப் போடுவோம். அந்த முறை இறுகிவிடும். ஆனால் பசைபோல நாக்கில் ஒட்டும், சாக்லேட் மணமும் மங்கிப்போகும். மாவு முதல் தடவையே போதுமான அளவு இருந்திருக்கும். அடுப்பிலிருந்து சீக்கிரம் இறக்கியிருப்போம், அல்லது ஆறி இறுகிய பிறகு கிளறியிருப்போம். அரை லிட்டர் பாலுக்கு 30 கிராம் சோள மாவும் இரண்டு மேசைக்கரண்டி கோகோவும் இருந்தால் கரண்டியில் நிற்கிற பதம் வந்தே ஆக வேண்டும். வரவில்லை என்றால் அளவை மாற்றாதீர்கள், சூட்டைக் கவனியுங்கள்.

குளிர வைத்துச் சாப்பிடும் சாக்லேட் இனிப்பு எதுவானாலும் அதைத் தளராமல் நிறுத்தி வைப்பது சில பொருள்கள்தான்: மாவு, முட்டை, சாக்லேட்டில் உள்ள கோகோ வெண்ணெய், அடித்த கிரீமின் கொழுப்பு, ஜெலட்டின் அல்லது கடற்பாசி (அகர் அகர்). ஒன்றுக்குத் தேவையான சூடு இன்னொன்றைக் கெடுத்துவிடும். எனவே ஒரு செய்முறையைக் கையில் எடுத்ததும் இதை நிறுத்தப்போவது எது என்று முதலில் பார்த்துவிடுவது நல்லது. கீழே சொல்லும் தவறுகளில் பாதிக்கும் மேல் அதைப் பார்க்காததால் வருபவை.

மாவுக்குக் கொதி வேண்டும், முட்டைக்கு ஆகாது

கஸ்டர்டு பவுடரில் முட்டை கிடையாது. நிறமும் மணமும் சேர்த்த சோள மாவுதான் அது. 1837இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் அல்ஃப்ரட் பேர்ட் அதை உருவாக்கியதே, அவர் மனைவிக்கு முட்டை ஒத்துக்கொள்ளாததால்தான். ஆகவே பவுடர் கஸ்டர்டு திரிந்துவிடுமோ என்று பயந்து அடுப்பைச் சிறிதாக வைத்து, லேசாகக் கெட்டியானதும் இறக்குவது வீண் எச்சரிக்கை. மாவின் மணிகள் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் உப்பத் தொடங்கும்; ஆனால் முழுக் கெட்டித்தன்மை 95 டிகிரியை ஒட்டித்தான் கிடைக்கும். நடுவில் குமிழிகள் 'பொளக் பொளக்' என்று வெடிக்க ஆரம்பித்த பிறகு, அடி பிடிக்காமல் கிளறிக்கொண்டே ஒன்றிரண்டு நிமிடம் வையுங்கள். பச்சை மாவு வாசனை போவதும் அப்போதுதான்.

மாவே இல்லாமல் மஞ்சள் கருவை மட்டும் நம்பிச் செய்யும் கஸ்டர்டுக்குக் கணக்கு தலைகீழ். அது 75 டிகிரியிலிருந்து 82 டிகிரிக்குள் கெட்டியாகும். 85ஐத் தாண்டினால் திரிதிரியாகப் பிரிந்துவிடும். தெர்மாமீட்டர் இல்லாதவர்கள் மரக்கரண்டியின் முதுகில் படிந்திருக்கும் கஸ்டர்டில் விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்ப்பார்கள்; கோடு மூடாமல் நின்றால் உடனே இறக்க வேண்டும். இறக்கினால் மட்டும் போதாது. பாத்திரத்தின் சூடே இன்னும் சில டிகிரி ஏற்றிவிடும் என்பதால் வேறு பாத்திரத்துக்கு வடிகட்டி மாற்றிவிடுங்கள். லேசாகத் திரிந்திருந்தால் சூட்டோடு மிக்சியில் ஒரு சுற்று விட்டு வடித்துக் காப்பாற்றலாம். முட்டை வாடை அடிக்க ஆரம்பித்துவிட்டால் விட்டுவிடுவதே மேல்.

இந்த இரண்டும் கலந்த மூன்றாவது வகையில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். மஞ்சள் கருவும் சோள மாவும் சேர்ந்த கஸ்டர்டு அது. முட்டை இருக்கிறதே என்று கொதிக்கும் முன் இறக்கிவிடுவார்கள். சூடாக இருக்கும்போது அழகாகக் கெட்டியாகவும் இருக்கும். காலையில் பார்த்தால் நீர்த்துக் கிடக்கும். மஞ்சள் கருவில் அமைலேஸ் என்ற நொதி உண்டு. அது மாவுச்சத்தை உடைக்கும். கொதிநிலையை நெருங்கும் சூட்டில்தான் அது செயலிழக்கும். அரைகுறையாகச் சூடாக்கினால், ஃப்ரிட்ஜுக்குள் இருந்தபடியே ராத்திரி முழுக்க மாவைத் தின்றுகொண்டிருக்கும். முட்டை திரிந்துவிடாதா என்றால், கூடவே இருக்கும் மாவு அதைத் திரிய விடாது. எனவே இந்த வகையைத் தைரியமாகக் கொதிக்க விட்டு, ஒரு நிமிடமாவது கொதியிலேயே கிளறுங்கள்.

சூடான பாலை முட்டைக் கலவையில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஊற்ற வேண்டும் என்பது பலருக்கும் தெரியும். சர்க்கரையை மஞ்சள் கருவின் மேல் கொட்டிவிட்டு வேறு வேலைக்குப் போகக் கூடாது என்பது அவ்வளவாகத் தெரிவதில்லை. சர்க்கரை கருவிலுள்ள நீரை இழுத்துக்கொள்ள, கரு ஆங்காங்கே கெட்டிப்பட்டுச் சின்னச் சின்ன மணிகளாகிவிடும். பிறகு எவ்வளவு அடித்தாலும் கரையாது. கொட்டிய உடனே அடித்துவிடுங்கள். மாவையும் பவுடரையும் ஆறிய பாலில்தான் கரைக்க வேண்டும். சூடான பாலில் போட்டால் மேல்பகுதி வெந்து, உள்ளே மாவு அப்படியே நிற்கும்.

ஆறி இறுகிய மாவு கஸ்டர்டைக் கிளறினால் மாவின் பிணைப்பு உடையும், மறுபடி கூடாது. கிண்ணங்களில் தனியாகப் பரிமாறுவதென்றால் சூடாக இருக்கும்போதே ஊற்றிவிட்டுக் கை வைக்காமல் இருங்கள். கிரீமுடன் கலக்கப் போகிற கஸ்டர்டை எப்படியும் அடித்தே ஆக வேண்டும். அங்கே நிறுத்திப் பிடிக்கும் வேலை கிரீமுக்குப் போய்விடுகிறது.

கோகோவும் சாக்லேட்டும்

கோகோ பவுடர் பாலில் நேராகக் கரையாது, மிதக்கும். சர்க்கரையோடு சலித்துக் கலந்து, இரண்டு மூன்று கரண்டி சூடான பாலில் குழைத்துப் பசையாக்கி, பிறகு நீர்க்க விட வேண்டும். கடைசியில் மேலாகத் தூவிக் கலப்பதும் சரிவராது. சூட்டில் கொஞ்ச நேரம் இருந்தால்தான் அதன் மணம் விரியும். இல்லையென்றால் மண்ணைப் போல ஒரு பச்சைச் சுவை நிற்கும். வெனிலா கஸ்டர்டு செய்முறையில் கோகோவைக் கூடுதலாகப் போடுகிறவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: கோகோவிலும் மாவுச்சத்து இருக்கிறது. சோள மாவைக் கொஞ்சம் குறைக்காவிட்டால் களி கிண்டியது போலாகும்.

சாக்லேட்டை உருக்கும்போது ஈரக் கரண்டி பட்டாலோ, டபுள் பாய்லிங்கில் (கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து உருக்கும்போது) ஆவி உள்ளே சொட்டினாலோ, பளபளப்பாக இருந்தது திடீரென்று சொரசொரப்பான கட்டியாகிவிடும். சாக்லேட் என்பது கொழுப்பில் மிதக்கும் சர்க்கரைத் துகளும் கோகோத் துகளும். கொஞ்சம் நீர் பட்டதும் துகள்கள் ஈரமாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. வேடிக்கை என்னவென்றால், அதிக நீர் இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. 60 கிராம் டார்க் சாக்லேட்டுக்குக் குறைந்தது ஒரு மேசைக்கரண்டி பாலோ தண்ணீரோ முதலிலிருந்தே சேர்ந்திருந்தால் வழவழவென்று உருகும். கட்டியாகிப் போனதையும் தூக்கி எறிய வேண்டாம். சூடான பாலைக் கரண்டி கரண்டியாக விட்டு அடித்தால் சாஸ் பதத்துக்குத் திரும்பும். மேல்பூச்சுக்கு ஆகாது, கஸ்டர்டில் கலக்கத் தாராளமாக ஆகும்.

உண்மையில் கஸ்டர்டுக்காகச் சாக்லேட்டைத் தனியாக உருக்கவே தேவையில்லை என்பது என் கட்சி. கோகோ வெண்ணெய் 34 டிகிரியை ஒட்டியே உருகிவிடும். அடுப்பை அணைத்த பிறகு, பொடியாக நறுக்கிய சாக்லேட்டைச் சூடான கஸ்டர்டில் போட்டு, ஒரு நிமிடம் விட்டுக் கலந்தால் போதும். அடுப்பில் இருக்கும்போதே போட்டால் அடியில் படிந்து கருகும்.

ஒரு சாக்லேட்டுக்குப் பதில் இன்னொன்றைப் போடும்போதும் கவனம் வேண்டும். கோகோ 50 சதவீதம் உள்ள சாக்லேட்டுக்கு எழுதிய செய்முறையில் 70 சதவீதத்தைப் போட்டால் கசப்பு மட்டும் கூடுவதில்லை, இறுக்கமும் கூடும். பால் சாக்லேட் தளர்வாகவே நிற்கும். காம்பவுண்ட் சாக்லேட்டில் கோகோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு இருப்பதால், குளிர்ந்ததும் வாயில் மெழுகுபோல் தங்கும். மேலே துருவிப் போட அது போதும், உள்ளே வேண்டாம்.

கிரீம் நுரைக்கவில்லை என்றால்

முதலில் டப்பாவில் கொழுப்பு எத்தனை சதவீதம் என்று படியுங்கள். 30க்குக் கீழே இருந்தால், கிரீம் அடிக்கும் கருவியான பீட்டர் சூடேறும்வரை அடித்தாலும் நிற்காது. 35 இருந்தால் நிம்மதி. 25 சதவீத ஃப்ரெஷ் கிரீமை வாங்கிவிட்டு, அடிக்கிற விதத்தில்தான் குறை என்று கை நோக அடிப்பவர்கள் ஏராளம். அந்தக் கிரீம் சாஸுக்கும் சாக்லேட் கலவைக்கும் நல்லது, நுரைக்க அல்ல.

அடுத்தது குளிர்ச்சி. அடிக்கும்போது கொழுப்புத் துளிகள் ஒன்றோடொன்று பாதி ஒட்டிக்கொண்டு காற்றுக் குமிழிகளைச் சுற்றிச் சுவர் எழுப்புகின்றன. கொழுப்பு இளகிப்போயிருந்தால் அந்தச் சுவர் எழும்பாது. கிரீம் 5 டிகிரியை ஒட்டி இருக்கட்டும். பாத்திரத்தையும் பீட்டர் கம்பிகளையும்கூடக் கால் மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து எடுங்கள்.

அதிகமாக அடிப்பது இன்னொரு கோடி. வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்தது என்று வருத்தத்தோடு சொல்வார்கள். இங்கே வெண்ணெய் திரள்வதுதான் விபத்து. பீட்டரின் தடம் அழியாமல் நின்று, தூக்கினால் நுனி மெதுவாக வளைகிற பதத்திலேயே நிறுத்திவிடுங்கள். கஸ்டர்டோடு கலக்கும்போதும் கிரீம் இன்னும் கொஞ்சம் அடிபடும், அதற்கும் இடம் வேண்டும். ரவை ரவையாகத் தோன்ற ஆரம்பித்துவிட்டதா? அடிக்காத குளிர்ந்த கிரீமை இரண்டு கரண்டி ஊற்றிக் கையால் மெதுவாகப் புரட்டினால் பெரும்பாலும் திரும்பிவிடும். மஞ்சளாகத் திரண்டு மோர் பிரிந்துவிட்டால் வெண்ணெய் கிடைத்தது என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

பாலில்லாத விப்பிங் கிரீமில் பெரும்பாலும் சர்க்கரை ஏற்கெனவே இருக்கும். செய்முறையில் சொன்ன சர்க்கரையையும் சேர்த்தால் திகட்டும். உறைந்ததை ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து இளக்குங்கள், மேடையில் வைத்து அல்ல.

கலக்கும் நேரம்

சூடான கஸ்டர்டில் கிரீமைப் போட்டால் அது உருகிப் பாலாகிவிடும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கெட்டிக் கஸ்டர்டில் அப்படியே போட்டால் கட்டிகள் நிற்கும். விரலை வைத்தால் சூடும் தெரியாமல் குளிர்ச்சியும் தெரியாமல் இருக்கும் பதம், அதாவது 20 முதல் 25 டிகிரி, கலப்பதற்குச் சரி. உருக்கிய சாக்லேட்டை மட்டும் கிரீமில் சேர்ப்பதானால் அது கொஞ்சம் வெதுவெதுப்பாகவே இருக்கட்டும். ஆறிப்போன சாக்லேட் குளிர்ந்த கிரீமில் பட்ட மாத்திரத்தில் உறைந்து துகள் துகளாகும். முதலில் கிரீமில் மூன்றில் ஒரு பங்கைப் போட்டுத் தயங்காமல் கலந்து கனத்தைக் குறைத்துவிட்டு, மீதியை அடியிலிருந்து மேலாகப் புரட்டிச் சேருங்கள்.

ஜெலட்டினை அதன் எடையைப் போல ஐந்து மடங்கு குளிர்ந்த நீரில் சில நிமிடம் ஊற வைத்து, வெதுவெதுப்பில் கரைக்க வேண்டும். கொதிக்க விட்டால் அதன் பிடி தளரும். பச்சை அன்னாசி, பப்பாளி, கிவி ஆகியவற்றின் நொதிகள் ஜெலட்டினை உடைத்துவிடும். வேக வைத்தோ டின்னில் வந்ததாகவோ இருந்தால் பயமில்லை. கடற்பாசிக்கு எல்லாமே எதிர்மாறு. கொதித்துத்தான் கரையும், 40 டிகிரிக்குக் கீழே வந்ததுமே இறுக ஆரம்பிக்கும். குளிர்ந்த கிரீமில் ஊற்றினால் நூல் நூலாக உறையும். ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை அதே அளவில் போடவே கூடாது. மிருதுவான கிரீம் இனிப்பில் கடற்பாசியைத் தொடாமல், சாக்லேட்டின் அளவைக் கொஞ்சம் கூட்டி இறுக்குவதையே நான் விரும்புவேன்.

குளிர வைப்பது

கஸ்டர்டின் மேல் ஆடை படியாமலிருக்க, கிளிங் ஃபிலிமை அதன் மேற்பரப்பில் ஒட்டும்படி போடுங்கள். பாத்திரத்தைத் தட்டால் மூடினால் ஆவி வியர்த்துச் சொட்டி, மேலே நீர் தேங்கும். ஐஸ் தண்ணீர் நிரம்பிய அகலப் பாத்திரத்தில் வைத்துச் சீக்கிரம் ஆற்றிவிட்டு ஃப்ரிட்ஜுக்கு மாற்றுவது நல்ல வழி. பாலும் முட்டையும் சேர்ந்ததை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடக் கூடாது. ஃப்ரிட்ஜ் 4 டிகிரியில் இருந்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். அவசரத்துக்கு ஃப்ரீசரில் வைத்தால் ஓரம் உறைந்து நடு தளர்ந்திருக்கும். முழுக்க உறைந்த சோள மாவுக் கஸ்டர்டு இளகும்போது தண்ணீர் விட்டுவிடும்.

பச்சை முட்டையை அடித்துச் சேர்க்கும் மூஸ் (நுரைபோன்ற குளிர் இனிப்பு) வகைகளில் சால்மோனெல்லா கிருமி இருக்க வாய்ப்புண்டு. குழந்தைகள், முதியவர்கள், கர்ப்பிணிகள் சாப்பிடப் போகிறார்கள் என்றால் முட்டையை விட்டுக் கிரீமை மட்டும் வைத்துச் செய்யுங்கள்.

சுவையைச் சூட்டில் பார்த்து முடிவு செய்வதும் ஏமாற்றும். குளிர்ந்ததும் இனிப்பு குறைந்து தெரியும், மணமும் அடங்கும். வெதுவெதுப்பாக இருக்கும்போது ஒரு பொட்டு தூக்கலாகத் தெரிந்தால் சரியாக இருக்கும். ஒரு சிட்டிகை உப்பும், கால் கரண்டி காபித் தூளும் காபிச் சுவை தெரியாமலேயே சாக்லேட்டைத் தூக்கிக் காட்டும். வெனிலா எசன்ஸ் அடுப்பை அணைத்த பிறகு.

கிரீம் பக்கத்திலிருக்கும் மணத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும். நறுக்கிய வெங்காயம் இருக்கும் தட்டில் திறந்து வைக்காதீர்கள். மேலே தூவும் கோகோவைப் பரிமாறும் நேரத்தில் தூவுங்கள். முன்கூட்டித் தூவினால் ஈரத்தை உறிஞ்சித் திட்டுத்திட்டாகக் கறுத்துவிடும்.