இரும்பு இல்லாதவன் என்ன செய்வான்? டர்ன் அடிப்படை கேமில் வளங்களுக்கு மதிப்பு கூட்டுவது எப்படி

முதன்முதலாக ஸ்ட்ராடஜி கேம் உருவாக்குகிறவர்கள் மேப் முழுக்க இரும்பு, குதிரை, எண்ணெய் என்று ஐகான்களைத் தூவிவிடுவார்கள். பத்து டர்ன் (ஆளுக்கொரு முறை மாறி மாறி ஆடும் சுற்று) கழிந்ததும் யாரும் அவற்றைத் திரும்பிப் பார்ப்பதில்லை. சரி, எண்ணிக்கையைக் குறைத்துவிடலாம் என்று குறைத்தால் வேறு சிக்கல்: இரும்பு கிடைத்தவன் ஜெயிக்கிறான், கிடைக்காதவன் தோற்கிறான். அதற்கு மேப் எதற்கு, பூவா தலையா போட்டுப் பார்த்தாலே போதும்.

கோடிங் இப்போதைக்கு வேண்டாம். அறுகோணக் கட்டம் போட்ட ஒரு தாள், ஒரு ஸ்ப்ரெட்ஷீட், எதிரே உட்கார ஒரு ஆள். இவ்வளவுதான் தேவை.

படி 1: இல்லாதவனின் கதையை முதலில் எழுதுங்கள்

ஒவ்வொரு வளத்துக்கும் எதிரே ஒரு கேள்வி: இது இல்லாதவர் என்ன செய்வார்? ‘ஒன்றுமில்லை, வழக்கம்போல ஆடுவார்’ என்று பதில் வந்தால் அந்த வளத்தைத் தூக்கிவிடுங்கள். ‘தோற்பார்’ என்று வந்தால் அதன் பலத்தைக் குறையுங்கள். குறைந்தது இரண்டு வழி இருக்க வேண்டும், இரண்டுமே வலிக்க வேண்டும்.

இதற்கு வரலாற்றிலேயே நல்ல உதாரணங்கள் உண்டு. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் கடற்படை வழிமறித்ததால், வெடிமருந்துக்குத் தேவையான சிலி நாட்டு வெடியுப்பு ஜெர்மனிக்கு வராமல் நின்றது. காற்றிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றும் ஆலை 1913-லேயே ஜெர்மனியின் ஓப்பாவில் ஓடத் தொடங்கியிருந்தது. அந்த வழியை விரிவாக்கித்தான் அவர்கள் போரைத் தொடர்ந்தார்கள். செலவும் நிலக்கரியும் நிறையவே பிடித்தன. 1941-ல் அமெரிக்கா எண்ணெயை நிறுத்தியபோது ஜப்பான் வேறு வழியில் போனது: டச்சுக்காரர்கள் வசமிருந்த கிழக்கிந்தியத் தீவுகளின் எண்ணெய்க் கிணறுகளைப் பிடிக்கப் படை கிளம்பியது. ஒருவர் செய்துகொண்டார், இன்னொருவர் பறிக்கப் போனார். உங்கள் கேமில் இந்த இரண்டோடு ‘வாங்குவது’, ‘மட்டமான யூனிட்டை (படைவீரனை) வைத்துச் சமாளிப்பது’ என்ற இரண்டையும் சேர்த்தால் நான்கு வழிகள் ஆகின்றன.

படி 2: சாவியா, கையிருப்பா?

சிவிலைசேஷன் (சுருக்கமாக சிவ்) என்ற ஸ்ட்ராடஜி கேம் வரிசையில் 3, 4 ஆகிய பாகங்களில் வளம் ஒரு சாவி மாதிரி. ஒரே ஒரு இரும்புச் சுரங்கத்தைச் சாலையால் இணைத்துவிட்டால் எத்தனை வாள்வீரர்களை வேண்டுமானாலும் உருவாக்கலாம். இரண்டாவது சுரங்கம் பண்டமாற்றுக்கு உதவும், படைக்கு உதவாது. 2010-ல் வந்த ஐந்தாம் பாகம் எண்ணிக்கையைக் கொண்டுவந்தது: ஒரு வாள்வீரன் இருக்கும்வரை ஒரு இரும்பு அவன் பெயரில் பிடித்துவைக்கப்படும், அவன் செத்தால் திரும்ப வரும். ஆறாம் பாகம் 2016-ல் வெளியானபோது மறுபடி சாவிக்கே போனது ஏன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. 2019-ல் வந்த கேதரிங் ஸ்டார்ம் விரிவாக்கத்தில் அதை மாற்றி, டர்னுக்கு டர்ன் வளம் சேரும் கையிருப்பு முறையைக் கொண்டுவந்தார்கள்.

தாளில் ஆட ஐந்தாம் பாகத்தின் முறை சுலபம். ஆனாலும் கையிருப்பு முறையிலிருந்தே தொடங்குங்கள் என்பேன். ‘இப்போது செலவழிக்கலாமா, வைத்திருக்கலாமா’ என்ற தவிப்பு அதில்தான் வரும்.

படி 3: எண்களைப் போடுங்கள்

வேலை முழுக்க இங்கேதான். 60 டர்ன் ஓடும் கேம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுரங்கம் டர்னுக்கு 2 இரும்பு தரும். வாள்வீரனுக்கு 60 பொன், 20 இரும்பு, பலம் 8. இரும்பே வேண்டாத ஈட்டிவீரனுக்கு 40 பொன், பலம் 5. ஒரு கட்டத்தில் ஒரு யூனிட்தான் நிற்கலாம்.

ஒரு சுரங்கம் இருந்தால் மொத்தம் 120 இரும்பு, அதாவது 6 வாள்வீரர்கள். 20-ஆவது டர்னில் இரண்டாவது சுரங்கம் கிடைத்தால் கூடுதலாக 80 இரும்பு, இன்னும் 4 பேர். ஆறுக்கும் பத்துக்கும் உள்ள வித்தியாசத்துக்காக ஒருவர் சண்டைக்கு வருவார். அதுதான் நமக்கு வேண்டும்.

கையிருப்புக்கு 40 என்று உச்சவரம்பு வையுங்கள். தொட்டி நிரம்பிய பிறகும் மோட்டார் ஓடினால் தண்ணீர் வழிவதுபோல, 40-க்கு மேல் வருவது வீண். பதுக்கி வைக்கிறவரையும் இது செலவழிக்க வைக்கும்.

அடுத்து எரிபொருள். பிற்பாதியில் டாங்கி வருகிறது. ஒவ்வொரு டாங்கியும் டர்னுக்கு 1 எண்ணெய் குடிக்கும், கிணறு 3 தரும். மூன்று டாங்கிகள் வரை கவலையில்லை. எட்டு டாங்கிகளோடு படையெடுத்தால் டர்னுக்கு 5 குறையும், 40 எண்ணெய் எட்டே டர்னில் தீர்ந்துவிடும். நடுவில் எதிரி கிணற்றைக் கொளுத்திவிட்டால் மிச்சமிருக்கும் டர்ன்களும் சுருங்கும். போருக்கு ஒரு கெடு தானாகவே வந்துவிட்டது பாருங்கள், தனியாக விதி எதுவும் எழுதாமலே.

எண்ணெய் தீர்ந்தால் டாங்கியை அழித்துவிடாதீர்கள், பலத்தைப் பாதியாக்கினால் போதும். ஒரு கிணறு போனதற்காக மொத்தப் படையும் மறைந்தால் எதிரே இருப்பவர் எழுந்து போய்விடுவார்.

படி 4: சந்தையைக் கவனியுங்கள்

பெரும்பாலான கேம்கள் இங்கேதான் ஓட்டை விடுகின்றன. மலிவாக எப்போதும் வாங்க முடிந்தால், மேப்பில் இருக்கும் சுரங்கத்துக்கு மதிப்பே கிடையாது. 1999-ல் வந்த ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக் 3 இதை அழகாகக் கையாண்டது: உங்களிடம் சந்தை எத்தனை இருக்கிறதோ, அதற்கேற்ப மாற்று விகிதம் நன்றாகும். ஒரே சந்தையோடு போய் நின்றால் கொள்ளை விலைதான்.

நம் கேமுக்கு எளிய விதி: இரும்பு ஐந்து ஐந்தாக விற்கும். முதல் ஐந்து, ஒன்று 2 பொன் வீதம். ஒவ்வொரு முறை வாங்கும்போதும் விலை 1 ஏறும், மூன்று டர்ன் யாரும் வாங்காவிட்டால் 1 இறங்கும். 20 இரும்பு வாங்க 10, 15, 20, 25, ஆக 70 பொன். வாள்வீரனின் 60 சேர்த்தால் 130. மூன்று ஈட்டிவீரர்களே 120-தான். குறுகலான கணவாயில் ஒரே கட்டத்தை எப்படியாவது பிடித்து நிற்க வேண்டும் என்றால் வாங்குவார்கள், பழக்கமாக வாங்க மாட்டார்கள்.

படி 5: எங்கே, எப்போது

தலைநகரத்துக்குப் பக்கத்திலேயே எல்லாருக்கும் எல்லாம் வைக்காதீர்கள். சிவ் 5-இல் அப்படி அமைக்க ‘ஸ்ட்ராடஜிக் பேலன்ஸ்’ என்று ஒரு தேர்வு உண்டு. ஆன்லைனில் ஆளோடு ஆள் மோதும்போது அது நியாயம், ஆனால் எல்லைத் தகராறு வராது. இரண்டு பேருக்கும் நடுவில் ஒன்று, ஆளுக்குத் தொலைவில் ஒன்று என்று மூன்று சுரங்கம் போதும். எண்ணெயை 30-ஆவது டர்னில்தான் காட்டுங்கள். நகரங்களை அமைத்து முடித்த பிறகு வயிற்றில் புளி கரைக்கட்டும். கிடைத்த வளம் திடீரென்று வற்றிப்போகும் விதி சிவ் 3-இல் இருந்தது. எனக்குப் பிடிக்காது, தன் தவறில்லாமல் இழப்பதில் யோசிக்க ஒன்றுமில்லை.

படி 6: ஆடிப் பாருங்கள்

வேண்டுமென்றே ஒருவருக்கு இரும்பே இல்லாமல் ஆரம்பியுங்கள். ஸ்ப்ரெட்ஷீட்டில் டர்ன், கையிருப்பு, வழிந்து போனது, இரும்புக்காக எடுத்த முடிவு என்று நான்கு பத்தி போதும். கடைசிப் பத்தி தொடர்ந்து பத்து டர்ன் காலியாக இருந்தால் உச்சவரம்பைக் குறையுங்கள். இரும்பு இல்லாதவர் எப்போதும் 30-ஆவது டர்னுக்கு முன்பே நொறுங்கினால் வாள்வீரனின் பலத்தை 7 ஆக்குங்கள். ஒரு நேரத்தில் ஒரு எண்ணை மட்டும் மாற்றுங்கள்.

அப்புறம் கணினி எதிராளிக்குக் கோடிங் எழுதும்போது, கையிருப்பு 20-க்குக் கீழே போனால் பக்கத்துச் சுரங்கத்தைக் குறிவைக்கும்படி ஒரு வரி கண்டிப்பாகச் சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் மனிதர்கள் மட்டும் இரும்புக்காக அடித்துக்கொள்வார்கள், ஏஐ ஈட்டியோடு வேடிக்கை பார்க்கும்.