கொல்லிமலைக்கு வண்டியில் இரண்டு பேர்: பின்னால் உட்காருபவர் போட வேண்டிய திட்டம்

மலைக்கு வண்டியில் ஜோடியாகப் போவதென்றால் திட்டத்தைப் பின்னால் உட்காருபவர்தான் போட வேண்டும். ஓட்டுபவருக்குக் கையில் ஹேண்டில்பார் இருக்கிறது, காலடியில் பிரேக் இருக்கிறது, எதிரே ரோடு தெரிகிறது. பின்னால் இருப்பவருக்கு இந்த மூன்றும் இல்லை. முதுகு பிடித்துக்கொள்வதும் வளைவில் வயிறு புரட்டுவதும் முதலில் அவருக்குத்தான். அவர் உடம்பு எவ்வளவு தூரம் தாங்குமோ அவ்வளவுதான் அன்றைய பயணம்.

எனக்கு ஊர் தஞ்சாவூர் மாவட்டத்துப் பாபநாசம். எங்கள் வீட்டுக்காரர் ஓட்டுவார், நான் பின்னால். வண்டி 150 சிசி. எந்த ஊர், எந்த நாள், எங்கே நிறுத்துவது என்பதெல்லாம் என் முடிவு. வண்டியைத் தயார் செய்வது அவர் பொறுப்பு. இப்படிப் பிரித்துக்கொள்வதை நம் பக்கத்தில் யார் மலைக்குக் கிளம்பினாலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நாம் டெல்டாக்காரர்கள் என்பதை முதலில் மனதில் வைக்க வேண்டும். கும்பகோணம் கடல்மட்டத்திலிருந்து 30 மீட்டர்கூட உயரம் இல்லை. நமக்குத் தெரிந்த ஏற்றமெல்லாம் ஆற்றுப் பாலமும் ரயில்வே மேம்பாலமும்தான். வருஷக்கணக்கில் வண்டி ஓட்டியவராக இருந்தாலும், பின்னால் ஆளை வைத்துக்கொண்டு சரிவில் நிறுத்தி எடுக்கவும், கியரிலேயே வேகத்தை அடக்கி இறங்கவும் நம் ரோடு யாருக்கும் கற்றுக்கொடுப்பதில்லை. அதைத் தனியாகப் பழக வேண்டும்.

எந்த மலை, எப்போது

முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது பச்சைமலை. துறையூரிலிருந்து டாப் செங்காட்டுப்பட்டி வரை ஏறிப் பார்த்தால் மலை ரோடு உங்கள் இருவருக்கும் ஒத்துக்கொள்கிறதா என்று தெரிந்துவிடும். ஒத்துக்கொண்டால் அடுத்தது கொல்லிமலை. காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். மேலே ஏறினால் 1000 மீட்டருக்கு மேல். மிளகுக்கொடி படர்ந்த மரங்களும் காப்பித் தோட்டமும் பலாவும் அன்னாசியும் சாமை வயலும் வழியெல்லாம் கண்ணுக்கு விருந்து. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் எடுக்க வேண்டியிருக்கிறது, சீசனில் கார் கூட்டமும் அதிகம். இரண்டு சக்கரத்தில் நிதானமாகப் போக விரும்புகிறவர்களுக்குக் கொல்லிமலைதான் என் தேர்வு.

கிளம்பும் நாளை நான் வயலைப் பார்த்துத்தான் குறிப்பேன். சம்பா அறுவடை முடிந்து, நெல் களத்தை விட்டுப் போன பிறகு, தை கடைசியிலிருந்து மாசி வரைக்கும் வீட்டில் ஆளுக்கு ஓய்வு இருக்கும்; மலையிலும் மழை விட்டிருக்கும், வெயில் ஏறியிருக்காது. ஐப்பசி, கார்த்திகையில் போகவே போகாதீர்கள். வடகிழக்குப் பருவமழையில் மண் சரியும், வளைவில் தண்ணீர் ஓடும், மூடுபனியில் பத்தடிக்கு முன்னால் ரோடு தெரியாது. ஆடி 17, 18 தேதிகளில் மலையில் வல்வில் ஓரி விழா நடக்கும். விழா பார்க்க வேண்டுமானால் அப்போது போகலாம். ரோட்டை அனுபவிக்க வேண்டுமானால் அந்த இரண்டு நாளைத் தவிர்த்துவிடுங்கள்.

கிளம்புவதற்கு முன் பழக வேண்டியவை

இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், அதனால் விரிவாகச் சொல்கிறேன்.

நம் ஊர்ப் பெண்கள் பெரும்பாலும் ஒரு பக்கமாக உட்கார்ந்தே பழகியவர்கள். கடைத்தெருவுக்குப் போக அது போதும், மலைக்கு ஆகாது. இரண்டு காலும் இடது பக்கம் தொங்கினால் எடை முழுக்க ஒரு பக்கம் போகும். வண்டி வளைவில் சாயும்போது நம் உடம்பு கூடவே சாய முடியாது. இடது பக்க வளைவில் வண்டி இடப்பக்கம் சாய்வதால் கால் தரைக்கு மிக அருகே வந்துவிடும். இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காருவதுதான் வழி. அதற்குச் சுடிதாரும் மூடிய ஷூவும் போட்டுக்கொள்ளுங்கள். துப்பட்டாவைக் குறுக்கே போட்டு இடுப்பில் இறுக்கி முடிந்துகொள்ளுங்கள், நுனி எங்கேயும் தொங்கக் கூடாது. பின் சீட்டுக்காரருக்குக் கைப்பிடி, ஃபுட்ரெஸ்ட், பின் சக்கரத்தில் பாதியாவது மறைக்கும் சேலை கார்டு ஆகிய மூன்றும் வண்டியில் இருக்க வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆவது விதி. அழகுக்காகச் சேலை கார்டைக் கழற்றி வைத்திருந்தால் திரும்ப மாட்டுங்கள்.

அப்படி உட்கார்ந்து பழக்கமில்லாதவர்கள் ஒரு வாரம் சாயங்காலத்தில் பக்கத்து ஊர் வரை போய் வரட்டும். நாங்கள் கபிஸ்தலம் போய் வருவோம். அந்த நேரத்தில் கை எங்கே, கால் எங்கே என்று பழகிவிடும். என் வலது கை பின்னால் கம்பியில் இருக்கும், இடது கை அவர் இடுப்பில். வளைவு இடது பக்கம் என்றால் அவருடைய இடது தோள் வழியாகவும், வலது என்றால் வலது தோள் வழியாகவும் பார்ப்பேன். பார்வை அந்தப் பக்கம் போனாலே உடம்பு வண்டியோடு தானாகச் சாய்ந்துவிடும். பயத்தில் எதிர்ப்பக்கம் நிமிர்வதுதான் வண்டியை வெளியே தள்ளுவது. வண்டி நின்றாலும் பின்னால் இருப்பவர் காலைக் கீழே வைக்கக் கூடாது. தாங்குவது ஓட்டுபவர் வேலை.

ஹெல்மெட் இரண்டு பேருக்கும், இரண்டிலும் ஐஎஸ்ஐ முத்திரை. ஹெல்மெட்டுக்குள் பேச்சு காதில் விழாது. அதனால் சைகை வைத்துக்கொள்ளுங்கள்: தோளில் ஒரு தட்டு என்றால் மெதுவாக, இரண்டு தட்டு என்றால் ஓரமாக நிறுத்து. ஏன், எதற்கு என்று கேட்காமல் நிறுத்துவார் என்ற நம்பிக்கை இருந்தால்தான் பின்னால் நிம்மதியாக உட்கார முடியும்.

ஓட்டுபவருக்கான பாடத்தை ஆற்றங்கரையில் வைத்துக்கொள்ளலாம். வயல் பக்கத்திலிருந்து கரைக்கு ஏறும் மண் சரிவு எல்லா ஊரிலும் இருக்கிறது. ஆளை ஏற்றிக்கொண்டு பாதிச் சரிவில் நிறுத்துங்கள். இடது கால் தரையில், வலது கால் பின் பிரேக்கில். கிளட்சை மெல்ல விட்டு, வண்டி முன்னால் இழுக்கத் தொடங்கும் இடம் வந்ததும் ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் கூட்டிக்கொண்டே பிரேக்கை விடுங்கள். வண்டி ஓரடிகூடப் பின்னால் வழுக்காமல் கிளம்ப வேண்டும். அது கைவந்த பிறகு மலை.

வண்டியும் மூட்டையும்

சர்வீஸ் கிளம்பும் முதல் நாள் வேண்டாம், ஒரு வாரம் முன்னாலேயே முடித்துவிடுங்கள். இடையில் ஓட்டிப் பார்த்தால்தான் ஏதாவது லூசாக விட்டிருந்தால் தெரியும். பின் டயருக்கு ஆள் ஏறினால் எவ்வளவு காற்று என்று வண்டியிலேயே ஸ்டிக்கரிலும் கையேட்டிலும் தனியாகப் போட்டிருப்பார்கள். அந்த அளவை வையுங்கள். ஷாக்அப்சரை ஒன்றிரண்டு படி ஏற்றி வைக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் பள்ளத்தில் பின்பக்கம் உட்கார்ந்து இடிக்கும். பின்னால் எடை ஏறினால் ஹெட்லைட் வெளிச்சம் மேலே தூக்கி எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும், அதையும் கொஞ்சம் இறக்க வேண்டும். செயினை அதிகம் இறுக்க விடாதீர்கள். ஆள் உட்கார்ந்ததும் செயின் இன்னும் விறைக்கும். டிஸ்க் பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. ஈரம் சேர்ந்த ஆயில் தொடர் இறக்கத்தின் சூட்டில் கொதித்துவிடும், லிவர் பிடித்தாலும் அழுத்தம் இருக்காது. மாற்றி இரண்டு வருஷம் ஆகியிருந்தால் மலைக்கு முன் மாற்றிவிடுங்கள்.

மூட்டை விஷயத்தில் நான் கண்டிப்பு. பின்னால் இருப்பவர் முதுகில் பை மாட்டக் கூடாது. ஏற்றத்தில் உடம்பு தானாகவே பின்னால் சரியும். முதுகில் ஐந்து கிலோ தொங்கினால் 26 கிலோமீட்டர் மலை ரோடும் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே வர வேண்டியதுதான். கனமான பொருளைச் சீட்டுக்கு இருபுறமும் தொங்கும் பையில் அடியில் வையுங்கள், இரண்டு பக்கமும் எடை சமமாக இருக்கட்டும். தண்ணீர், மழைக்கோட்டு, பஞ்சர் சாமான், மாற்றுக் கிளட்ச் கேபிள், எலுமிச்சம்பழம் ஆகியவை எளிதில் எடுக்கும் இடத்தில். சட்டை துணிமணி ஆளுக்கு இரண்டு போதும். மேலே இரவில் குளிரும், ஆளுக்கொரு ஸ்வெட்டர்.

வழி

காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் நல்லது. போகும்போது பைபாஸ் வேண்டாம். திருவையாறு, திருக்காட்டுப்பள்ளி, கல்லணை என்று காவிரியோடு போய், அணையைத் தாண்டி உத்தமர்சீலி வழியாகத் திருவானைக்காவல். பிறகு நம்பர் 1 டோல்கேட்டில் நாமக்கல் ரோட்டைப் பிடித்தால் குணசீலம், முசிறி, தொட்டியம் வரை ஆறு இடது கைப்பக்கமே வரும், இரண்டு பக்கமும் வாழைத்தோப்பு. நம் வயலுக்கு வரும் தண்ணீரை எதிர்கொண்டு போவதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம். மணிக்கு ஒருமுறை இறங்கிப் பத்து நிமிஷம் நடக்க வேண்டும். வலி வந்த பிறகு நிறுத்திப் பயனில்லை, வலிக்கும் முன்பே நிறுத்த வேண்டும். எங்களுக்குக் கல்லணை, குணசீலம், தொட்டியம் என்று நிறுத்தங்கள்.

அன்றே மலை ஏறாதீர்கள். நாமக்கல்லில் தங்குங்கள். 18 அடி ஆஞ்சநேயரைக் கும்பிட்டு, மலைக்கோட்டையைப் பார்த்து, சீக்கிரம் படுத்துவிடுங்கள். 160 கிலோமீட்டர் பின்னால் உட்கார்ந்து வந்த உடம்போடு 70 வளைவு ஏறினால் எந்த அழகும் கண்ணில் படாது. மறுநாள் காலை இட்லி இரண்டோடு நிறுத்திக்கொண்டு, டேங்கை நிரப்பி, சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளி.

ஏற்றமும் இறக்கமும்

ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை இருக்கும். வளைவுக்குள் நுழையும் முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும். நடுவில் மாற்றினால் வண்டி திணறும், பின்னால் இருப்பவர் தலை முன்னால் வந்து ஹெல்மெட்டில் மோதும். இடது பக்கம் திரும்பும் வளைவுதான் கடினம், உள்பக்கம் குறுகல், செங்குத்து. அதில் நம் பக்கத்து ரோட்டுக்குள்ளேயே, உள்விளிம்பை விட்டுச் சற்று விலகி ஏறுங்கள்.

மேலிருந்து பேருந்து இறங்கும் சத்தம் கேட்டால் வளைவுக்குக் கீழேயே ஓரமாக நின்றுவிடுங்கள். முதலில் அதன் மூக்கு எதிர்ப்பக்கத் தடுப்புச் சுவர் வரை வரும், பிறகு நடுவுடல் திரும்பும், கடைசியில் பின் சக்கரம் உள்விளிம்பை உரசிக்கொண்டு வரும். வளைவு முழுவதும் அதற்கே சரியாக இருக்கும், உள்ளே நமக்கு இடமில்லை. குறுகலான மலை ரோட்டில் ஏறி வருபவருக்கு இறங்குபவர் வழிவிட வேண்டும் என்பது விதி. ஆனாலும் அந்த இடத்தில் உரிமை பேசாதீர்கள். வளைவுகளில் குரங்குகள் கூட்டமாக உட்கார்ந்திருக்கும், தின்பண்டத்தை வெளியே எடுக்காதீர்கள். தலை சுற்றினால் இரண்டு தட்டு தட்டி நிறுத்தச் சொல்லி, தூரத்து மலையைப் பார்த்துக்கொண்டு ஐந்து நிமிஷம் நில்லுங்கள், எலுமிச்சம்பழம் அதற்குத்தான்.

மேலே சோளக்காட்டில் கடைகள் இருக்கின்றன. தங்கும் இடம் செம்மேட்டுப் பக்கம் கிடைக்கும். சனி, ஞாயிறு என்றால் முன்னாலேயே போன் செய்து சொல்லிவையுங்கள். அறப்பளீஸ்வரர் கோயிலைப் பார்த்துவிட்டு ஆகாய கங்கைக்குக் காலையிலேயே இறங்குங்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள், இறங்கியதெல்லாம் திரும்ப ஏற வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் கோயிலோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இறக்கம்தான் பின்னால் இருப்பவருக்கு உண்மையான வேலை. ஒவ்வொரு பிரேக்குக்கும் உடம்பு முன்னால் சரிந்து ஓட்டுபவர் முதுகில் ஏறும். இரண்டு பேர் எடையும் அவர் மணிக்கட்டில் இறங்கும். தொடையால் சீட்டை இறுக்கிப் பிடித்து, ஒரு கையை முன்னால் நீட்டி டேங்கில் ஊன்றிக்கொள்ளுங்கள். அவர் கை லேசானால்தான் ஹேண்டில்பார் அவர் சொன்னபடி கேட்கும். ஓட்டுபவர் எந்த கியரில் ஏறினாரோ அதே கியரில் இறங்க வேண்டும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடவோ இன்ஜினை அணைக்கவோ கூடாது. பிரேக்கைத் தொடர்ந்து அழுத்திக்கொண்டே வந்தால் டிரம் சூடேறிப் பிடிப்பு போய்விடும். அழுத்தி, விட்டு, மறுபடி அழுத்தி வர வேண்டும். கருகல் வாடை வந்தால் அங்கேயே நிறுத்தி ஆறவிடுங்கள், ஆற வேண்டும் என்று தண்ணீர் ஊற்றாதீர்கள்.

காலை எட்டு மணிக்கு இறங்கத் தொடங்கினால், திருச்சியில் சாப்பிட்டு, தஞ்சாவூர் நான்குவழிச் சாலையில் வந்து, வெளிச்சத்தோடு வீடு சேரலாம். மறுநாள் ஓட்டுபவர் தனியாக வண்டியை எடுக்கும் முன் ஷாக்அப்சர், டயர் காற்று, ஹெட்லைட் மூன்றையும் பழைய அளவுக்கு மாற்றிவிட வேண்டும். செயினைத் துடைத்து எண்ணெய் போடும்போது பிரேக் கட்டை எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்றும் பார்த்துவிடச் சொல்லுங்கள்.