விரல் நுனி ரத்தம் கேட்கும்போது: கிராம ஆய்வுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலை மாவட்டத்தின் மூதூர்ப் பக்கம் ஒரு திண்ணையில், ரத்தம் எடுக்கும் சுகாதார ஆய்வொன்றின் சம்மதப் பத்திரத்தை நீட்டியபோது அந்த அம்மா கேட்ட முதல் கேள்வி, "இது எந்த நிவாரணத்துக்குப் பிள்ளை?" என்பதுதான். 2004 சுனாமி, 2006 இடப்பெயர்வு, முகாம், மீள்குடியேற்றம் என்று எத்தனையோ படிவங்களில் ஒப்பம் வைத்த கை அது. படிவத்தோடு வருபவரிடம் மறுத்தால் ஏதோ நின்றுவிடும் என்பதே அவர் பட்டு அறிந்தது. ஆகவே ஒப்பம் கிடைத்ததும் சம்மதம் கிடைத்துவிட்டது என்று எண்ணுவது முதல் தவறு.

ஊருக்குள் நுழையக் கிராம அலுவலரின் உதவி தேவைதான். ஆனால் அவர் வாசலில் நின்றால், நாளைக்கு அஸ்வெசும என்ற அரச உதவிக் கொடுப்பனவு அலுவலுக்கு அவரிடமே போகவேண்டிய பெண் எப்படி "வேண்டாம்" என்பாள்? அவரைப் படலைக்கு வெளியே விட்டுவிட்டுப் போங்கள். "இது நிவாரணப் பதிவு இல்லை, மாட்டன் என்டாலும் உங்களுக்கு ஒண்டும் நிற்காது" என்பதே உங்கள் முதல் வசனமாக இருக்கட்டும். என்ன செய்யப் போகிறோம் என்பதை அந்தப் பெண்ணையே திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். தாய் ஒப்பமிட்டாலும் பிள்ளை கையை இழுத்துக்கொண்டால் ஊசியை வைத்துவிடுங்கள்.

எனக்கு ஆறவே ஆறாதது அடுத்த தவறு. ஹீமோகுளோபின் கருவி அந்த இடத்திலேயே எண்ணைக் காட்டிவிடும். கர்ப்பிணிக்கு அது டெசிலீட்டருக்கு 7 கிராமுக்குக் குறைந்தால் கடுமையான இரத்தச்சோகை. அதை டேப்லெட்டில் பதிந்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவது அந்த உயிரைக் கைவிடுவதுதான். மாமியார் காதில் விழாமல் அவரிடம் தனியே சொல்ல வேண்டும். தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும். வெருகலிலிருந்து எந்தக் கிளினிக்குக்கு, எந்த நாளில், எப்படிப் போவது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இதற்குச் சுகாதார வைத்திய அதிகாரியுடனும் குடும்பநல மாதுவுடனும் ஆய்வு தொடங்குமுன்பே பேசி வைத்திருக்க வேண்டும். ஆபிரிக்க நாடுகள் பலவற்றின் வீட்டு ஆய்வுகளில் எச்.ஐ.வி. பரிசோதனைக்கான ரத்தம் பெயர் நீக்கி எடுக்கப்பட்டதால், முடிவை உரியவரிடம் சொல்ல வழியே இருக்கவில்லை. மருந்து எட்டாத காலத்தில் ரகசியம் காப்பதற்காக என்று அதற்குச் சமாதானம் சொல்ல முடிந்தது. மருந்து வந்தபின் அந்தச் சமாதானம் வலுவிழந்தது. பிந்திய சில ஆய்வுகள் வீட்டிலேயே முடிவைக் கொடுத்தன.

கிண்ணியாவில் ரமழான் மாதத்தில் வெறுவயிற்றுச் சீனி அளவு பார்க்கப் போகாதீர்கள். விடியுமுன் சஹர் உணவு சாப்பிட்டவரின் காலை ரத்தம் வெறுவயிற்று ரத்தம் அல்ல. பயனில்லாத எண்ணுக்காக ஒருவரைக் குத்துவதும் அநீதிதான்.

மிச்ச ரத்தத்தை "பிறகு உதவும்" என்று சேமிப்பதிலும் கவனம் வேண்டும். அமெரிக்காவின் அரிசோனாவில் ஹவசுபாய் பழங்குடியினர் நீரிழிவு ஆய்வுக்கென்று கொடுத்த ரத்தம் மனச்சிதைவு பற்றிய ஆய்வுக்கும், அவர்களுடைய மூதாதையர் எங்கிருந்து வந்தார்கள் என்ற ஆய்வுக்கும் போனது. வழக்கு 2010இல் சமரசமாக முடிந்து, மிஞ்சிய மாதிரிகள் அவர்களிடமே திரும்பின. நம் கரையோர வேடர் மக்களிடம் ரத்தம் கேட்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போகட்டும்.

பெயரை நீக்கினால் ஆள் மறைந்துவிடுவார் என்பதும் தவறான நம்பிக்கை. சர்வதேச மக்கள்தொகை, சுகாதார ஆய்வுகள் ஆய்வு நடந்த கிராமப்புறங்களின் வரைபட இடக்குறிகளை 5 கிலோமீற்றர் வரை, சிலவற்றை 10 வரை வேண்டுமென்றே நகர்த்தித்தான் வெளியிடுகின்றன. குச்சவெளியில் ஒரு சிறு மீனவக் குடியிருப்பின் பெயரோடு வயதையும் நோயையும் அச்சிட்டால், அது யார் என்று ஊரே சொல்லிவிடும். இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் தரவை விசேட வகையில் வைத்திருப்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

வீட்டில் விட்டு வரும் துண்டில் ஒரு தொலைபேசி எண் இருக்கட்டும். அதை எடுப்பவர் தமிழ் பேசுபவராகவும் இருக்கட்டும்.