பௌத்தத் தலங்களுக்கு நண்பர்கள் பட்டாளமாகப் போகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூர், புதுச்சேரிப் பக்கத்திலிருந்து ஏழெட்டுப் பேர் சேர்ந்து கண்டி, பாங்காக், புத்தகயா என்று கிளம்பினால், டிக்கெட் போடும் வேலை எப்போதும் ஒருவர் தலையில்தான் விழும். வாட்ஸ்அப்பில் வந்த பெயர்களை அவர் அப்படியே அடித்துவிடுவார். சிக்கல் அங்கேயே தொடங்குகிறது.

நம்மவர்கள் பலரின் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக இருக்கும். அல்லது இனிஷியல் விரிந்து அப்பா பெயர் அங்கே இருக்கும். டிக்கெட்டில் வெறும் ‘எஸ். குமார்’ என்று இருந்தால் கவுன்டரில் நிறுத்திவிடலாம். ஒவ்வொருவரிடமும் பாஸ்போர்ட்டின் படப் பக்கத்தை வாங்கி, அதைப் பார்த்து அடியுங்கள். கட்டம் காலி என்றால் என்ன போடுவது என்பது விமான நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள். அதே பக்கத்தில் காலாவதித் தேதியையும் பாருங்கள், இறங்கும் நாளிலிருந்து 6 மாதமாவது மீதம் இருக்கட்டும். தாய்லாந்துக்கு டிஜிட்டல் வருகை அட்டையை, இறங்குவதற்கு முந்தைய 3 நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். அது இலவசம், காசு கேட்கும் தளம் அரசுடையது அல்ல.

புத்தகயா போகிறவர்கள் லும்பினியையும் சேர்த்துக்கொள்வார்கள். லும்பினி இருப்பது நேபாளத்தில். விசா வேண்டாம் என்பதை நம்பி ஆதாரை மட்டும் எடுத்துப் போகாதீர்கள். பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும். ஒருவர் அட்டை வீட்டில் கிடந்தால் சோனௌலி எல்லையில் எல்லோரும் நிற்க வேண்டியதுதான்.

புத்தகயாவின் மகாபோதி கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது, வெளியே பாதுகாப்பு அறையில் வைக்க வேண்டும். ‘உள்ளே போய் கால் பண்ணிக்கலாம்’ என்று பிரிந்தவர்கள் தேடி அலைவார்கள். எத்தனை மணிக்கு, எந்த வாசலில் என்று பேசி வைத்துவிட்டு நுழையுங்கள்.

இலங்கையில் ஒவ்வொரு பௌர்ணமியும் போயா விடுமுறை. மது, இறைச்சி விற்பனை கிடையாது. புதுச்சேரிக்காரர்கள் இதைக் காலண்டரில் பார்த்துவிட்டே அறை போடுவது நல்லது! கண்டி தலதா மாளிகையில் புத்தரின் புனிதப் பல்லையே பார்க்கலாம் என்று நினைப்பதும் தவறு. தினமும் மூன்று வேளை பூஜையின்போது அறை திறக்கும், தெரிவது பேழை மட்டும். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். வேட்டி கட்டினால் ஒரு தொல்லையும் இல்லை. அனுராதபுரத்தில் செருப்போடு தொப்பியையும் கழற்ற வேண்டும், நண்பகலில் கல் தளம் காலைச் சுட்டுவிடும். காலை 9 மணிக்குள் முடியுங்கள், அல்லது பையில் ஒரு ஜோடி சாக்ஸ் வையுங்கள். புத்தர் சிலைக்கு முதுகு காட்டி குரூப் செல்ஃபி எடுப்பதை அங்கே அவமதிப்பாகவே பார்ப்பார்கள். கையில் புத்தர் டாட்டூ இருந்ததற்காக 2014-இல் ஒரு பிரிட்டன் பயணியைத் திருப்பி அனுப்பினார்கள்.

பாங்காக் அரண்மனைக் கோயில் அருகே ‘இன்று மூடல்’ என்று சொல்லும் டுக்டுக்காரரை நம்பாமல் வாசல்வரை நடந்து பாருங்கள். சிங்கப்பூர் வழியாகப் போனால், சித்தி கேட்டார் என்று கசகசா எடுத்துப் போகாதீர்கள். அங்கே அது தடைப் பொருள்.

கடைசியாக, நள்ளிரவு விமானம். 15-ஆம் தேதி 00.30 என்றால் 14-ஆம் தேதி இரவு 9.30-க்கே சென்னை விமான நிலையத்தில் இருக்க வேண்டும். திண்டிவனம் வழி அரசுப் பேருந்துகள் கிளாம்பாக்கத்தோடு நின்றுவிடுவதால், அங்கிருந்து விமான நிலையம் இருக்கும் திரிசூலத்துக்கு இன்னொரு வண்டி பிடிக்கும் நேரத்தையும் கூட்டி, கடலூரை மாலை 3 மணிக்கே விட்டுவிடுங்கள்.